நான்கு சிப், பதினாறு கேமரா

133, 132, 133, 133.

2000களின் நடுவில், இந்த நான்கு எண்களை இதே வரிசையில் எழுதி வைக்கத் தெரிந்தவருக்குப் படம் வந்தது. தெரியாதவர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் கோடிகாம் 4400ஆர் என்ற தென்கொரிய வீடியோ கேப்சர் கார்டுக்கு உரியவை. பதினாறு கேமராக்களை அதில் செருகலாம். கார்டின் மேல் ஒரே மாதிரியான நான்கு சிப்புகள் வரிசையாக இருக்கும். ஆனால் எந்தக் கேமராவை எந்தச் சிப்புக்குத் திருப்புவது என்று தீர்மானிக்கும் ஸ்விட்ச், இரண்டாவது சிப்பின் கால்களோடு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அதனால் இரண்டாவதற்கு 132, அதாவது தலைமை. மற்ற மூன்றுக்கும் 133. இந்த எண்களைக் கொடுத்தது கார்டு செய்த நிறுவனம் இல்லை. லினக்ஸில் அந்தக் கார்டை ஓட வைத்தவர்கள் தங்கள் பட்டியலில் அதற்கு ஒதுக்கிய இடங்கள் அவை.

ஒரு கணினி பல கேமராக்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதையில் பாதி, இப்படி யாரும் எழுதி வைக்காத விவரங்களைத் தோண்டி எடுத்த கதைதான்.

பல இடங்களை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை கணினிக்கு மூத்தது. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட்டுகளைச் சோதித்தபோது, வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் மிஞ்ச மாட்டார் என்பதால், கேமரா வைத்துத் தொலைவிலிருந்து பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த பொறியாளர் வால்டர் புரூக். இருபது ஆண்டுகள் கழித்து டெலிஃபுங்கன் நிறுவனத்தில் பிஏஎல் என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையை உருவாக்கியவரும் அவரே; 1963 ஜனவரியில் ஹனோவரில் அதை நிபுணர்களுக்குச் செய்து காட்டினார். இந்தியா 1982இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது இந்த முறையைத்தான். அதனால் நம் ஊர் நகைக்கடையின் மூலையில் தொங்கிய பழைய அனலாக் கேமராவும் பிஏஎல் கணக்கின்படியே பேசியது: படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள், ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களாக.

கணினி வருவதற்கு முன் காவல் அறையில் இருந்தவை வேறு கருவிகள். நான்கு கேமராக்களை ஒரே திரையில் நான்கு கட்டங்களாகக் காட்டும் குவாட் பெட்டி. பதினாறு கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றி ஒரே நாடாவில் பதியும் மல்டிபிளெக்சர். அந்த நாடாவை ஊர்ந்து ஓட்டும் டைம்லாப்ஸ் விசிஆர். சில மணி நேரத்தில் ஓடி முடியவேண்டிய வீடியோ நாடாவை 24 மணி நேரத்துக்கும், சில கருவிகளில் 960 மணி நேரத்துக்கும் இழுத்தார்கள். ஒரு நாடாவில் நாற்பது நாள்! சிக்கனம்தான். ஆனால் ஒரு படத்தில் கல்லாவின் அருகே நிற்கும் ஆள் அடுத்த படத்தில் இருக்கவே மாட்டார். நடுவில் என்ன நடந்தது என்பது வக்கீல்களின் கற்பனைக்கு விடப்பட்டது.

கணினி இந்த வேலைக்கு வரத் தடையாக இருந்தது வேகம். ஒரு பிஏஎல் படத்தை 720க்கு 576 புள்ளிகளாக எடுத்து, புள்ளிக்கு 2 பைட் கொடுத்தால் 8,29,440 பைட் ஆகும். வினாடிக்கு 25 படங்கள் என்றால் இரண்டு கோடியே ஏழு லட்சம் பைட்டுக்கு மேல். 1990களின் தொடக்கத்துக் கணினிகளில் கார்டுகள் உட்கார்ந்த ஐஎஸ்ஏ வழியால் இதைத் தாங்க முடியாது. பிசிஐ என்ற புதிய வழி வந்த பிறகே கதவு திறந்தது. அதன் ஏட்டளவு வேகம் வினாடிக்கு 133 மெகாபைட்.

அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தவர்களில் சான் டியாகோவின் புரூக்ட்ரீ நிறுவனமும் உண்டு. அதன் பிடி848 என்ற சிப் விலை குறைவு, வேலையோ கெட்டிக்காரத்தனம். படத்தைக் கணினியின் மூளையிடம் கொடுத்து "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டு நிற்காது. எந்தக் கோட்டை நினைவகத்தில் எங்கே இறக்க வேண்டும், எதைத் தாண்ட வேண்டும், முடிந்ததும் எங்கே குதிக்க வேண்டும் என்ற கட்டளைகளை டிரைவர் நினைவகத்தில் ஒரு குட்டி நிரலாக எழுதி வைக்கும். சிப் தானே அதைப் படித்துத் தானே புள்ளிகளை இறக்கிவிட்டுப் போகும். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்திலேயே நேராக இறக்கினால், வேறொரு ஜன்னல் குறுக்கே வந்த இடத்தை மட்டும் தாண்டிக்கொண்டு, திரையில் தொலைக்காட்சி ஓடும். பென்டியம் மூளை அந்நேரம் சும்மா இருக்கும். மிரோ, ஹாப்பாக் போன்றவர்கள் இந்தச் சிப்பை வைத்து வீட்டுக் கணினிக்கான டிவி கார்டுகளை விற்றுத் தள்ளினார்கள்.

புரூக்ட்ரீயை 1996இல் ராக்வெல் வாங்கியது. ராக்வெல்லின் சிப் பிரிவு 1999இன் தொடக்கத்தில் கோனெக்சன்ட் என்று தனியாகப் பிரிந்தது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தாலும் பிடி848உம், ஒலியையும் சேர்த்துக்கொண்ட அதன் தம்பி பிடி878உம் வந்துகொண்டே இருந்தன. கணினி பிசிஐ வழியில் கேட்டால் சிப் இன்றும் 109இ என்ற புரூக்ட்ரீயின் எண்ணைத்தான் சொல்லும்.

லினக்ஸுக்கு இந்தச் சிப்பைப் பழக்கியவர்கள் ரால்ஃப் மெட்ஸ்லர், மார்க்கஸ் மெட்ஸ்லர் என்ற இருவர். பிடிடிவி என்ற அவர்களுடைய டிரைவரின் காப்புரிமை வரி 1996இலிருந்து தொடங்குகிறது. அதில் அவர்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகள் கொலோன் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையைச் சேர்ந்தவை. இயற்பியல் துறையிலிருந்து டிவி கார்டு டிரைவர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கால லினக்ஸ் அப்படித்தான்: கையில் கார்டு இருந்தவர் டிரைவர் எழுதினார்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு பேச்சு என்றிருந்த நிலையை மாற்ற ஆலன் காக்ஸ் வீடியோ4லினக்ஸ் என்ற பொது ஏற்பாட்டை வகுத்தார். 1999 ஜனவரியில் வெளியான 2.2 கர்னலோடு அது ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வீடியோ0, வீடியோ1 என்று ஒவ்வொரு சிப்பும் ஒரு கோப்பாகத் தெரியும். அந்தக் கோப்பைத் திறந்த நிரல், உள்ளீடுகள் எத்தனை என்று கேட்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், பிஏஎலா என்டிஎஸ்சியா என்று சொல்லலாம். பில் டர்க்ஸ் தொடங்கிய அதன் இரண்டாம் வடிவம் 2003 இறுதியில் 2.6 கர்னலோடு பரவியது. 1999 முதல் பிடிடிவியைப் பேணியவர் கெர்ட் நோர். எக்ஸ்ஏடிவி என்ற பார்வை நிரலும் அவருடையது. புதுக் கார்டைப் பொருத்தியவர்கள் முதலில் திறந்து பார்த்த ஜன்னல் பெரும்பாலும் அதுதான்.

இனிதான் சிக்கல். டிவி கார்டுச் சிப் மலிவாகக் கிடைக்கிறது. அதில் வீடியோ நுழைய நான்கு கால்கள் இருக்கின்றன. கண்காணிப்புத் தொழிலில் இருந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். ட்யூனரைக் கழற்றி எறி; நான்கு சிப்புகளை ஒரே கார்டில் வை; ஒரே பிசிஐ இடத்தில் நான்கும் உட்கார நடுவே ஒரு பிரிட்ஜ் சிப்பை வை; பின்னால் பதினாறு பிஎன்சி முனைகள் கொண்ட வால் ஒன்றைத் தொங்கவிடு. கேமரா கண்காணிப்புக் கார்டு தயார். எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் நான்கு சிப்புக்கு எட்டு வரி வரும். வீடியோவுக்கு ஒரு வரி, ஒலிக்கு ஒரு வரி. ஒலிப் பாதி பெரும்பாலும் வேலையில்லாமல் கிடந்தது. டிரைவருக்குக் கொடுக்கும் அளவுருக்களில் "ட்யூனர்=4" என்று எழுதுவது வழக்கம். அந்தப் பட்டியலில் 4 என்றால் ட்யூனரே இல்லை என்று பொருள்.

எல்லாக் கார்டும் ஒரே சிப் என்பதால் எல்லாமே கணினிக்கு ஒரே முகமாகத் தெரிந்தன. பிடி848க்குத் தன்னைச் சுமக்கும் கார்டின் பெயரைச் சொல்லவே வழியில்லை. பிடி878க்கு வழி உண்டு. ஆனால் அதற்குக் கார்டில் ஒரு சிறிய ஈப்ரோம் சிப் வைக்க வேண்டும். சில காசை மிச்சம் பிடிக்க நினைத்த தயாரிப்பாளர்கள் முதலில் தூக்கியது அதைத்தான். கார்டு யார், எந்தக் கால் எந்த முனைக்குப் போகிறது, வெளியே ஸ்விட்ச் உண்டா, அதை எந்தக் காலால் ஆட்டுவது என்பதையெல்லாம் சிப்பிடம் கேட்டு அறிய முடியாது. விண்டோஸுக்குக் குறுவட்டில் வந்த மென்பொருளுக்கு மட்டும் அது தெரியும்.

முனைகளின் வரிசைகூட நேராக இருக்காது. பிடிடிவி நிரலைத் திறந்தால் எந்த உள்ளீடு சிப்பின் எந்தக் காலில் என்று கார்டுக்குக் கார்டு தனித்தனியாக எழுதியிருப்பதைக் காணலாம். பலகையை வரைந்தவருக்குக் கம்பி எப்படிப் போனால் வசதியோ அப்படி.

இந்தத் தகவல்கள் சேர்ந்த விதம்தான் சுவையானது. அறியாத கார்டைக் கண்டால் பிடிடிவி சும்மா இருக்காது. அதன் அடையாள எண்ணையும், கார்டின் பெயரையும், சரியாக வேலை செய்த கார்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள் என்று கணினியின் பதிவேட்டிலேயே வேண்டுகோள் எழுதும். பயன்படுத்துபவர்கள் எழுதினார்கள். கார்டைக் கழற்றிச் சிப்புகளின் முதுகில் அச்சிட்டதைப் படித்தார்கள். விண்டோஸில் அதே கார்டை ஓடவிட்டு, சிப்பின் உள்பதிவேடுகளில் எந்த எண்கள் மாறுகின்றன என்பதைக் காட்டும் சிறு கருவியை வைத்து உளவு பார்த்தார்கள். எதுவும் தெரியாதவர்கள் 1 முதல் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார்கள். பட்டியலில் 0 என்பது பெயர் தெரியாத கார்டு, 1 மிரோ, 2 ஹாப்பாக். அங்கிருந்து கிளம்பி 160ஐத் தாண்டிப் போனது. தயாரித்தவர்களில் பலர் தங்கள் கார்டைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதித் தராத காலத்தில், வாங்கியவர்கள் எழுதிய கைப்புத்தகம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

கடைக்காரர் சொல்லும் கணக்குக்கும் சிப்பின் கணக்குக்கும் இடையே இன்னொரு பள்ளம் இருந்தது. "நாலு சேனல் கார்டு" என்று விற்றதில் நான்கு முனைகள் இருக்கும், சிப் ஒன்றே ஒன்று இருக்கும். ஒரே குழாயடியில் நான்கு குடம். ஒரு சிப் ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் பார்க்கும். மற்றவை காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் 25 படத்தை நான்கால் வகுத்து, கேமராவுக்கு ஆறு படம் கிடைக்கும் என்று புதிதாக வருபவர் கணக்குப் போடுவார். கிடைக்காது. ஒவ்வொரு கேமராவும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. ஒன்று படத்தின் தலைக்கோட்டை அனுப்பும் நேரத்தில் பக்கத்துக் கேமரா பாதிப் படத்தில் இருக்கும். சிப் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, புதிய கேமராவின் கோட்டுத் துடிப்பைப் பிடித்து, அரைப்படத்தின் தொடக்கத்துக்குக் காத்திருந்து, 4.43 மெகாஹெர்ட்ஸ் வண்ண அலையோடும் ஒத்துப்போக வேண்டும். ஓர் அரைப்படத்துக்கு 20 மில்லி வினாடி ஆகிறது. நிலைக்கு வருவதற்குள் சில அரைப்படங்கள் போய்விடும். அவசரப்பட்டு எடுத்தால் மேல்பாதியில் வாசல், கீழ்ப்பாதியில் வண்டி நிறுத்துமிடம் என்று ஒட்டுப்போட்ட படம் வரும். ஒளிபரப்பு நிலையங்கள் எல்லாக் கேமராவையும் ஒரே துடிப்பில் ஓடவைத்து இதைத் தீர்த்தன. மலிவான காவல் கேமராவில் அதற்கு வசதி கிடையாது.

இந்தத் தாவலைச் சமாளிக்க எழுதப்பட்ட நிரல்களில் இரண்டு முக்கியமானவை. ஜெரோன் வ்ரீகன் தொடங்கிய மோஷன், படத்துக்குப் படம் மாறிய புள்ளிகளை எண்ணி அசைவைக் கண்டுபிடிக்கும். கேமரா மாறிய கணத்தில் எல்லாப் புள்ளிகளும் மாறும் அல்லவா? அதைத் திருடன் என்று எண்ணிக் கூவாமல் இருக்க, மாற்றிய பிறகு எத்தனை படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடவேண்டும் என்பதற்கே அதில் தனி அமைப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கேமராவுக்கும் முறை வைக்க வேறொரு அமைப்பு.

இன்னொன்று ஜோன்மைண்டர். பிலிப் கூம்ப்ஸ் என்ற நிரலாளரின் வீட்டுக் கராஜை உடைத்து அவருடைய மின்கருவிகளை யாரோ தூக்கிப் போனதில் பிறந்த நிரல் அது என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன. கேமரா வாங்கினார், கார்டு வாங்கினார், கிடைத்த மென்பொருள் பிடிக்கவில்லை, தானே எழுதினார். 2002 வாக்கில் அது பொதுவெளிக்கு வந்தது. படத்தின் மேல் மண்டலங்களை வரையலாம் என்பதுதான் அதன் பெயருக்கும் பெருமைக்கும் காரணம். தெருவில் போகும் காரும் காற்றில் ஆடும் மரமும் இந்த மண்டலத்துக்குள், கண்டுகொள்ளாதே. கதவு அந்த மண்டலத்துக்குள், அங்கே அசைந்தால் பதிவு செய். இன்று கைப்பேசிச் செயலியில் விரலால் வரையும் கட்டத்தின் முன்னோர் இவை.

ஜோன்மைண்டரை நிறுவியவர்கள் எல்லோரும் கற்ற இன்னொரு பாடம் நினைவகம். படம் பிடிக்கும் நிரலும் அசைவை ஆராயும் நிரலும் தனித்தனி என்பதால், நடுவே பொது நினைவகத்தில் படங்கள் வரிசையாக நிற்கும். 640க்கு 480 வண்ணப் படம் ஒன்றுக்கு 9,21,600 பைட். ஐம்பது படம் நிறுத்தினால் 46 மெகாபைட். பதினாறு கேமராவுக்கு 737 மெகாபைட்! அன்றைய பல கணினிகளில் மொத்த நினைவகமே 512 மெகாபைட். அதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை வேறு: இப்படிப் பகிரும் ஒரு துண்டு நினைவகத்துக்கு லினக்ஸ் வைத்திருந்த வழக்கமான எல்லை 32 மெகாபைட்தான். எஸ்எச்எம்மேக்ஸ் என்ற அந்த எல்லையை உயர்த்தாமல் விட்டால் நிரல் கிளம்பவே கிளம்பாது. காரணமும் முகத்தில் அடித்தாற்போல் தெரியாது. பலர் கார்டைச் சந்தேகித்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிசிஐ வழியும் சும்மா விடவில்லை. நான்கு சிப்பும் முழு அளவு, முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 83 மெகாபைட். ஏட்டிலுள்ள 133க்குள் அடங்கும். வட்டும் வலைப்பின்னல் கார்டும் அதே வழியில் பங்கு கேட்பதால் நடைமுறையில் அதுவே மூச்சு முட்டும். அதே மாதிரி இரண்டாவது கார்டு போட்டால் ஏட்டுக் கணக்கிலேயே உடைந்துவிடும். சில தாய்ப்பலகைகளின் சிப்செட்டுகளோடு பிடி878 ஒத்துப்போகாமல் கணினி உறைந்து நின்றதுண்டு. பிடிடிவியில் அதற்கென்றே ட்ரைட்டன்1, விஎஸ்எஃப்எக்ஸ் என்று இரண்டு மாற்று வழிகள் வைத்திருந்தார்கள். அனுபவசாலிகள் படத்தின் அளவைக் குறைத்தார்கள். 320க்கு 240 என்றால் கேமராவுக்கு வினாடிக்கு நான்கு மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் அதிலும் பாதி.

2010 வாக்கில் நிலைமை மாறியது. ப்ளூசெர்ரி என்ற அமெரிக்க நிறுவனம் பதினாறு உள்ளீடு வரை கொண்ட கார்டுகளை, படத்தைக் கார்டிலேயே சுருக்கும் சாஃப்ட்லாஜிக் சிப்போடு விற்றது. லினக்ஸ் டிரைவரை வாங்குபவர் தலையில் கட்டாமல் தானே எழுத வைத்துக் கர்னலில் சேர்த்தது. டெக்வெல்லின் டிடபிள்யூ686எக்ஸ் வகைச் சிப்புகளில் உள்ளீட்டுக்கு ஒரு டிகோடர் வீதம் உள்ளேயே இருந்ததால் முறை வைக்கும் தொல்லையே ஒழிந்தது. அவற்றுக்கான டிரைவர் 2016இல் கர்னலில் சேர்ந்தது. அருமையான தீர்வு, ஆனால் காலம் கடந்து வந்த தீர்வு. அதற்குள் அனலாக் கேமரா சந்தையை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது.

ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆக்ஸிஸ் நிறுவனம் 1996இலேயே நெட்ஐ 200 என்ற வலைப்பின்னல் கேமராவை விற்கத் தொடங்கியிருந்தது. பெரிய அளவுப் படம் ஒன்றை அனுப்ப அதற்குப் பதினேழு வினாடி ஆகும். சிரிக்கத் தோன்றும்தான். 1999இல் வந்த ஆக்ஸிஸ் 2100 கேமராவின் உள்ளேயே லினக்ஸ் ஓடியது. கேப்சர் கார்டு செய்த வேலை கேமராவுக்குள் நுழைந்தது. கம்பியில் அனலாக் அலைக்குப் பதில் பொட்டலங்கள் வந்தன. இன்னொரு பக்கம், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளை மலிவான டிவிஆர் பெட்டிகள் நிறைத்தன. அவற்றிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான், ஆனால் முகம் காட்டாத லினக்ஸ். கார்டு எண் போட வேண்டியதில்லை, டிரைவர் தேட வேண்டியதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

அந்த மூடிய பெட்டிகளின் விலை 2016இல் தெரிந்தது. தொழிற்சாலையிலேயே பதித்த கடவுச்சொற்களைக் கொண்டு கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் நுழைந்த மிராய் என்ற தீநிரல், அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையைத் தாக்கி, ட்விட்டர் உட்பட பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. பெட்டியின் சொந்தக்காரர் நினைத்தாலும் சில மாடல்களில் அந்தக் கடவுச்சொல்லை மாற்ற முடியவில்லை. பழைய கேப்சர் கார்டுக்காரர் கர்னல் அளவுருக்களோடு மல்லுக்கட்டினார் என்பது உண்மை; தன் கணினியில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததும் உண்மை.

பிடிடிவி இன்னும் கர்னலில் இருக்கிறது. முதல் வடிவ வீடியோ4லினக்ஸை 2011இல் 2.6.38 கர்னலில் நீக்கியபோது அது தப்பியது. 2023இல் மறுபடி கத்தி விழுந்தது: கிராஃபிக்ஸ் நினைவகத்தில் நேராகப் படம் இறக்கும் பழைய வசதியை, அந்தச் சிப்பின் ஆதிப் பெருமையையே, வெட்டி எறிந்தார்கள். படங்களை வரிசையில் நிறுத்தும் பகுதியைப் புதிய முறைக்கு மாற்றி எழுதினார்கள். டிரைவர் மட்டும் போகவில்லை. தட்டுப்பாடு இப்போது டிரைவரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. 2011இல் வந்த இன்டெல் 6 வரிசைச் சிப்செட்டுகளில் வீட்டுக் கணினிக்கானவை நேரடி பிசிஐயைக் கைவிட்டன. அதன் பிறகு தாய்ப்பலகைகளில் அந்த வெள்ளை நிற வாய் அரிதாகிக்கொண்டே போனது. பழைய கார்டை வைத்திருப்பவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் செருகும் மாற்றிப் பலகை ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். அதன் வழியாகப் பார்த்தாலும் டிரைவருக்குத் தெரிவது அதே சிப்தான், கேட்பதும் அதே கார்டு எண்தான்.